340 பவுண்டுப் பெண்ணும் என் பெரியம்மாவும்: நடையை அளந்த கதை

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

என் பெரியம்மா நடப்பதைத் தெருவில் பார்த்தால் யாருக்கும் அடையாளம் தெரிந்துவிடும். கால்களை அகட்டி வைத்து, பாதங்களை வெளிப்பக்கமாகத் திருப்பி, இரண்டு பக்கமும் லேசாகச் சாய்ந்து சாய்ந்து மெதுவாக நடப்பார். சின்ன வயதில் நானும் என் தம்பியும் அவர் பின்னாலேயே அதே மாதிரி நடந்து காட்டிச் சிரித்திருக்கிறோம். "வாத்து நடை" என்று பெயர் வேறு. போன வருடம் முழங்கால் வலிக்காக அவரை டாக்டரிடம் கூட்டிப் போனபோது இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "எடையைக் குறைங்க, தினமும் நல்லா வேகமா நடங்க." வெளியே வந்ததும் பெரியம்மா என்னிடம் கேட்டது இது: "நடந்தாதானேடா வலிக்குது? அதுக்கு மருந்தே நடக்கிறதுன்னா எப்படிடா?"

என்னிடம் பதில் இல்லை. தேட ஆரம்பித்தேன். மருத்துவத்தைத் தேடப் போய் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். மனிதன் எப்படி நடக்கிறான் என்று முந்நூறு வருடத்துக்கு மேலாக அளந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் குண்டான ஒரு பெண் எப்படி நடக்கிறாள் என்று யாராவது ஒழுங்காக அளந்தார்களா, எப்போது அளந்தார்கள் என்று பார்த்தால், அது ஒரு தனிக் கதை.

முதலில் நடந்தவர்கள் எல்லாம் ஆண்கள்

இத்தாலியைச் சேர்ந்த ஜியோவன்னி பொரெல்லி என்ற கணித அறிஞர் எலும்புகளை நெம்புகோல்களாகவும் தசைகளை அவற்றை இழுக்கும் கயிறுகளாகவும் வைத்துக் கணக்குப் போட்டார். அவர் எழுதிய விலங்குகளின் இயக்கம் பற்றிய நூல் அவர் இறந்தபிறகு 1680-இல் வெளிவரத் தொடங்கியது. ஒரு சின்ன எடையைத் தூக்கத் தசை அதைவிடப் பல மடங்கு விசையோடு இழுக்க வேண்டும் என்று அவர் காட்டியதுதான் இந்தக் கதைக்கு அடிப்படை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து ஜெர்மனி. வில்ஹெல்ம் வெபர், எடுவார்ட் வெபர் என்று இரண்டு சகோதரர்கள். மனிதனின் நடை உறுப்புகளின் இயந்திரவியல் பற்றி 1836-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஓர் அடி எவ்வளவு நீளம், எவ்வளவு நேரம் என்று கடிகாரமும் அளவுகோலும் வைத்து அளந்தார்கள்.

இதே காலத்தில் பெல்ஜியத்தில் அடால்ஃப் கெட்லே என்ற புள்ளியியல் அறிஞர் "சராசரி மனிதன்" யார் என்று தேடிக்கொண்டிருந்தார். வளர்ந்தவர்களின் எடை அவர்கள் உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறுகிறது என்று 1830-களில் கண்டார். இன்று நாம் பி.எம்.ஐ. என்று சொல்லும் கணக்கின் வேர் அதுதான். கெட்லே குண்டானவர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவருக்கு வேண்டியது சராசரி. அந்தக் கணக்கை எடுத்து அதற்கு 1972-இல் பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஆன்செல் கீஸ். அவருடைய கட்டுரையில் ஐந்து நாடுகளிலிருந்து 7,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகள் இருந்தன. எல்லோரும் ஆண்கள். இன்று உலகம் முழுவதும் பெண்களையும் நிறுத்துப் பார்க்கும் ஒரு தராசு, ஆண்களை வைத்துச் சரிபார்க்கப்பட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

1891-இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் பிரவுன, ஓட்டோ ஃபிஷர் என்ற இருவர் நடையை முப்பரிமாணத்தில் அளந்தார்கள். ஓர் ஆணுக்குக் கறுப்பு உடை போட்டு, கை கால்களில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டுப் பல பக்கங்களிலிருந்து படமெடுத்தார்கள். ஆளைத் தயார் செய்யவே மணிக்கணக்கில் ஆனது. நடப்பது சில நொடி. அந்தப் படங்களை வைத்துக் கணக்குப் போட்டு முடிக்க வருடக்கணக்கு. பிரவுன 1892-இல் இறந்துவிட்டார். ஃபிஷர் தனியாக உட்கார்ந்து 1904 வரை ஆறு பகுதிகளாக வெளியிட்டார். அவர்கள் அந்த ஆளை வெறுமனேயும் நடக்கவிட்டார்கள், ராணுவச் சுமையோடும் நடக்கவிட்டார்கள். சுமை ஏறினால் நடை எப்படி மாறும் என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது. ஆனால் கேட்டவர்களின் மனதில் இருந்தது துப்பாக்கியும் முதுகுப்பையும் சுமக்கும் சிப்பாய். தன் உடம்பையே சுமக்கும் பெண் இல்லை.

மாடல் எண் 20

ஒரே ஒருவர் மட்டும் இந்த வரிசையில் விதிவிலக்கு. குதிரை ஓடும்போது நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்று 1878-இல் படம் எடுத்துக் காட்டினாரே, அந்த எட்வர்ட் மைபிரிட்ஜ். அவர் பின்னர் ஃபிலடெல்ஃபியா நகரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆதரவில் கேமராக்களை வரிசையாக நிறுத்தி, மனிதர்களையும் விலங்குகளையும் ஆயிரக்கணக்கில் படம் பிடித்தார். 1887-இல் 781 தகடுகளாக அது வெளிவந்தது.

அதில் நடித்தவர்களுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும்தான். ஆண்கள் ஓடுகிறார்கள், குத்துச்சண்டை போடுகிறார்கள், சுத்தியல் அடிக்கிறார்கள். பெண்கள் குடம் தூக்குகிறார்கள், நடனம் ஆடுகிறார்கள், குழந்தையைத் தூக்குகிறார்கள். 20 என்ற எண் கொண்ட பெண்ணைப் பற்றி மைபிரிட்ஜ் தரும் தகவல் இரண்டே இரண்டு: திருமணம் ஆகாதவர், எடை 340 பவுண்டு. நம் கணக்கில் சுமார் 154 கிலோ. தகடு எண் 268-இல் அவர் உடையில்லாமல் தரையிலிருந்து எழுந்து நிற்கிறார். கையை ஊன்றி, ஒரு முட்டியை மடக்கி, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலுக்கு மாற்றி எழுகிறார்.

இந்தப் படங்களை இணையத்தில் பார்த்தபோது எனக்கு முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் எதற்காக ஒப்புக்கொண்டார், எவ்வளவு கூலி வாங்கினார், அவர் பெயர் என்ன, எதுவும் அதில் இல்லை. வேடிக்கைப் பொருளாக நிற்க வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. ஆனால் நின்று நிதானமாக ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவர் தடுமாறவில்லை. எந்த மூட்டுக்கு எப்போது எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்று அவருடைய உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. என் பெரியம்மா கோவிலில் தரையிலிருந்து எழுவதும் அச்சு அசலாக இப்படித்தான்.

இதில் இன்னொரு தகவல். மைபிரிட்ஜுக்கு நோயாளிகளின் நடையைப் படம் எடுக்க உதவியவர் ஃபிரான்சிஸ் டெர்கம் என்ற நரம்பியல் மருத்துவர். அதே டெர்கம் 1888-இலும் 1892-இலும் ஒரு நோயை விவரித்தார். உடலில் கொழுப்புக் கட்டிகள் சேர்ந்து, தொட்டாலே வலிக்கும் நோய். அவர் விவரித்தது பெண் நோயாளிகளை. இன்றும் அதற்கு டெர்கம் நோய் என்றே பெயர். பார்ப்பதற்குச் சாதாரணப் பருமன் போல இருந்தாலும் இது வேறு என்று அவர் எழுதினார். குண்டான ஒரு பெண் "வலிக்கிறது" என்றால் அதை நம்பி எழுதி வைத்த மருத்துவர்களில் இவர் முக்கியமானவர்.

போர் முடிந்தது, ஆய்வகம் திறந்தது

அதன் பிறகு நீண்ட இடைவெளி. நடை ஆராய்ச்சிக்குப் பெரிய பணம் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின். காலை இழந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கு நல்ல செயற்கைக் கால் வேண்டும். அதற்காக கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வெர்ன் இன்மன், ஹோவர்ட் எபர்ஹார்ட் குழு வேலையை ஆரம்பித்தது. தோல் நகரும், எலும்பு எப்படித் திரும்புகிறது என்று சரியாகத் தெரியாது என்பதால் தொண்டர்களின் எலும்பிலேயே ஊசிகளைச் செருகி அளந்தார்கள். கேட்டாலே கால் கூசுகிறது. 1953-இல் இவர்களும் சாண்டர்ஸும் எழுதிய கட்டுரை, உடலின் ஈர்ப்பு மையம் ஏறி இறங்குவதைக் குறைத்துச் சக்தியை மிச்சப்படுத்தத்தான் இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஒத்துழைக்கின்றன என்று சொன்னது. அந்தக் கருத்தின் சில பகுதிகள் பிறகு தவறு என்று காட்டப்பட்டன. ஆனால் மூட்டுகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரு குழுவாகப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது அதுதான்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் மேரி பாட்ரிசியா மர்ரே. பிசியோதெரபிஸ்ட். மில்வாக்கி நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை. உடலில் ஒளியைத் திருப்பும் பட்டைகளை ஒட்டி, விட்டுவிட்டு மின்னும் விளக்கில் நடக்க வைத்து, ஒரே படத்தில் நடை முழுவதையும் பிடித்தார். 1964-இல் இவர் குழு 60 ஆண்களின் "இயல்பான" நடை அளவுகளை வெளியிட்டது. இயல்பான பெண்களின் நடை பற்றிய கட்டுரை எப்போது வந்தது தெரியுமா? 1970-இல். ஆறு வருடம் கழித்து. அளந்தவரே ஒரு பெண். இருந்தும் வரிசையில் பெண்களின் முறை இரண்டாவதாகத்தான் வந்தது. படைவீரர் மருத்துவமனையில் நோயாளிகள் பெரும்பாலும் ஆண்களாகத்தானே இருப்பார்கள், அது புரிகிறது. ஆனால் "இயல்பு" என்பதன் அளவுகோல் முதலில் யாரை வைத்துச் செய்யப்பட்டது என்பதும் புரிகிறது.

கடைசியில் குண்டானவர்களை அளந்தார்கள். அவர்களும் ஆண்கள்!

பருமனான வளர்ந்தவர்களின் நடையை ஆய்வகத்தில் அளந்த ஆரம்பகால ஆய்வுகளில் இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1991-இல் ஸ்பைரோபுலோஸ் குழு வெளியிட்டது. பருமனான 12 பேர், பருமன் இல்லாத 9 பேர். அத்தனை பேரும் ஆண்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

முடிவுகள் முக்கியமானவை. மற்றவர்கள் நொடிக்கு 1.64 மீட்டர் வேகத்தில் நடக்க, பருமனானவர்கள் 1.09 மீட்டரில் நடந்தார்கள். இரண்டு எட்டுகள் சேர்ந்த நீளம் 1.67 மீட்டருக்குப் பதில் 1.25 மீட்டர். இரண்டு பாதங்களுக்கும் நடுவே இருந்த அகலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதாவது மெதுவாக, குட்டையான எட்டு வைத்து, அகட்டி. என் பெரியம்மாவை யாரோ எண்களில் எழுதி வைத்த மாதிரி இருந்தது.

ஏன் இப்படி நடக்கிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

பாதங்களை அகட்டி வைத்தால் அடித்தளம் அகலமாகிறது, பக்கவாட்டில் விழுகிற பயம் குறைகிறது. தொடைகள் உரசுவதும் இன்னொரு காரணம். ஒரு காலை நேராக முன்னால் கொண்டுவர முடியாமல் வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டுக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பக்கவாட்டுச் சாய்வுக்கும் இதில் பங்குண்டு.

நாம் நடக்கும்போது ஒரு கால் ஏறக்குறைய 60 சதவீத நேரம் தரையில் இருக்கிறது, 40 சதவீதம் காற்றில். இரண்டு காலும் சேர்ந்து தரையில் இருக்கும் நேரமும் நடுவே வரும். பருமனானவர்களுக்கு இந்த இரண்டு கால் நேரம் கூடுகிறது. ஒற்றைக் காலில் மொத்த எடையையும் தாங்கும் நேரத்தை உடம்பு சுருக்கிக்கொள்கிறது.

இனி முழங்கால். சமதரையில் நடக்கும்போதே முழங்கால் மூட்டுக்குள் அழுத்தம் உடல் எடையைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை போகிறது. எடை ஒரு பங்கு என்றால் மீதி எங்கிருந்து வந்தது? தசைகளின் இழுப்பிலிருந்து. அதுதான் பொரெல்லி 1680-இல் சொன்னது. முட்டியை எவ்வளவு மடக்கி நடக்கிறோமோ, முன்தொடைத் தசை அவ்வளவு இழுக்க வேண்டும், மூட்டு அவ்வளவு நெரியும்.

2003-இல் டெவிட்டா, ஹோர்டோபாகி இருவரும் இதை அளந்தார்கள். எதிர்பார்த்தது: எடை கூடினால் முழங்காலைத் திருப்பும் விசையும் அதே அளவு கூடும். கிடைத்தது: அவரவர் விருப்ப வேகத்தில் நடந்தபோது பருமனான 21 பேருக்கும் ஒல்லியான 18 பேருக்கும் அந்த விசை கிட்டத்தட்ட ஒன்றுதான்! எப்படி? பருமனானவர்கள் முட்டியைக் குறைவாக மடக்கி, நிமிர்ந்து, மெதுவாக நடந்தார்கள். முழங்கால் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியைக் கணுக்காலுக்குத் தள்ளிவிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமல், உடம்பே கற்றுக்கொண்ட தந்திரம் இது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் கேலி செய்த அந்த "வாத்து நடை", பெரியம்மாவின் முழங்கால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட கணக்கு.

ஆனால் இந்தத் தந்திரத்துக்கும் எல்லை உண்டு. மடக்கும் திசையில் விசையைக் குறைக்கலாம். பக்கவாட்டில் முழங்காலின் உள்பக்கத்தை நெரிக்கும் விசை அவ்வளவு எளிதாகக் குறைவதில்லை. மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் அந்த உள்பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. முட்டியை மடக்காமலே வருடக்கணக்கில் நடந்தால் முன்தொடைத் தசையும் பலம் இழக்கும். படி ஏறும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் மடக்காமல் தப்பிக்கவும் முடியாது. வலி அங்கேதான் பிடித்துக்கொள்கிறது.

பெண்களை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்?

பிரான்சின் மார்செய் நகரில் ஜான் வாக் என்ற மருத்துவர் 1947-இல் ஒரு விஷயம் எழுதினார். கொழுப்பு எவ்வளவு என்பது மட்டும் முக்கியமில்லை, எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம். ஆண்களுக்குப் பெரும்பாலும் வயிற்றில், பெண்களுக்குப் பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும். இடுப்பு, தொடைக் கொழுப்பு இதயத்துக்குக் குறைந்த ஆபத்து என்று மருத்துவ உலகம் அதிலிருந்து பாடம் படித்தது. நடைக்கு அது வேறு பாடம். தொடை கனமானால் ஒவ்வோர் எட்டுக்கும் அந்தக் கனத்தை வீசி எறிந்து நிறுத்த வேண்டும். தொப்பையைச் சுமப்பதும் தொடையைச் சுமப்பதும் நடைக்கு ஒன்றல்ல. பெண்களுக்குத் தசை அளவு பொதுவாகக் குறைவு, பிரசவ காலத்தில் மூட்டுப் பிணைப்புகள் தளர்கின்றன, 50 வயதுக்கு மேல் முழங்கால் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். எனவே 12 ஆண்களை அளந்து கிடைத்ததைப் பெண்களுக்கும் அப்படியே பொருத்த முடியாது.

பெண்களைப் பற்றிய வலுவான ஆதாரம் வந்தது நடை ஆய்வகத்திலிருந்து இல்லை. இதய நோய்க்காக 1948-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் ஆரம்பித்த ஆய்விலிருந்து. அந்த ஊரில் சேர்த்த 5,209 பேரில் பாதிக்கு மேல் பெண்கள். ஆய்வின் தொடக்கத்திலேயே இவர்களை நிறுத்து வைத்திருந்தார்கள். 1980-களில் 1,420 பேரின் முழங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். டேவிட் ஃபெல்சன் குழு 1988-இல் வெளியிட்ட முடிவு: ஆரம்பத்தில் மிக அதிக எடையோடு இருந்த ஐந்தில் ஒரு பங்கு ஆண்களுக்குத் தேய்மான அபாயம் சுமார் ஒன்றரை மடங்கு. பெண்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு. இதில் பெரிய விஷயம், எடை முதலில், தேய்மானம் பின்னால் என்பது தெளிவானது. முட்டி வலிப்பதால் நடமாட்டம் குறைந்து எடை கூடியது என்று மட்டும் இனிச் சொல்ல முடியாது.

1992-இல் அதே குழு பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்று சொன்னது. பத்து வருடத்தில் சுமார் 5 கிலோ எடை குறைத்த பெண்களுக்கு, வலியோடு கூடிய முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. ஐந்தே கிலோ. சினிமா நடிகை மாதிரி ஆக வேண்டியதில்லை.

2005-இல் ஸ்டீஃபன் மெசியர் குழு ஏன் என்று விளக்கியது. முழங்கால் தேய்மானம் உள்ள, எடை கூடிய 142 வயதானவர்களை 18 மாதம் பார்த்ததில், 1 பவுண்டு எடை குறைந்தால் ஒவ்வோர் எட்டிலும் முழங்காலின் மேல் பாரம் 4 பவுண்டு குறைகிறது. ஒரு நாளைக்கு எத்தனை எட்டு வைக்கிறோம் என்று பெருக்கிப் பாருங்கள்.

"வேகமா நடங்க" சரியா?

பெரியம்மாவின் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன்.

ஸ்வீடனில் 1997-இல் ஓர் ஆய்வு வந்தது. தலைப்பே ஒரு கேள்வி: குண்டான பெண்களுக்கு நடைப்பயிற்சி மிகவும் களைப்பானதா? தங்கள் வசதிக்கு ஏற்ற வேகத்தில் நடக்கும்போது சாதாரண எடையுள்ள பெண்கள் தங்கள் அதிகபட்ச ஆக்சிஜன் திறனில் சராசரியாக 36 சதவீதத்தைச் செலவழித்தார்கள். பருமனான பெண்கள் 56 சதவீதம். நமக்குக் காலாற நடப்பது அவர்களுக்கு ஏறக்குறைய ஓட்டப் பயிற்சி. "சோம்பேறி, நடக்கவே மாட்டேங்குது" என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

2005-இல் கொலராடோவில் பிரௌனிங், கிராம் இருவரும் பெண்களை மட்டும் வைத்து அளந்தார்கள். ஒரு கிலோ எடைக்கு என்று கணக்குப் போட்டாலும் பருமனான பெண்களுக்கு நடை சுமார் 11 சதவீதம் கூடுதல் செலவு. ஆச்சரியம் என்னவென்றால், எதிர்பார்த்த அளவு மோசமில்லை. அவர்கள் விரும்பிய வேகமும் மற்றவர்களிடமிருந்து பெரிதாக வேறுபடவில்லை. தூரத்துக்கு ஆகும் சக்தி எந்த வேகத்தில் குறைவோ, அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்பைரோபுலோஸ் அளந்த ஆண்களைப் போல அவர்கள் அவ்வளவு மெதுவாக நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். "குண்டானவர்கள் இப்படித்தான் நடப்பார்கள்" என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. வயது, வலி, எடை எங்கே இருக்கிறது, எல்லாம் சேர்ந்துதான் நடை.

அதே இருவர் 2007-இல் வேகத்தை மாற்றிப் பார்த்தார்கள். நொடிக்கு 1.5 மீட்டருக்குப் பதில் 1 மீட்டரில் நடந்தால் முழங்காலின் மேல் விழும் விசைகள் கணிசமாகக் குறைகின்றன. 2011-இல் பிரௌனிங் பங்கேற்ற இன்னோர் ஆய்வு, ட்ரெட்மில்லில் மிதமான ஏற்றம் வைத்து நொடிக்கு 0.75 மீட்டர் என்று மிக மெதுவாக நடந்தாலே இதயத்துக்குப் போதிய பயிற்சி கிடைக்கிறது, மூட்டுக்குப் பாரமும் குறைகிறது என்றது.

ஆக, "நடங்க" சரி. "வேகமா" என்பதுதான் எல்லோருக்கும் பொருந்தாது. பெரியம்மாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. பதிலும் இருக்கிறது: மெதுவாக, அடிக்கடி, வலி கூடினால் நிறுத்தி, கூடவே தொடைத் தசைக்குப் பயிற்சி. 2013-இல் வெளியான 454 பேர் கொண்ட பெரிய ஆய்வு ஒன்றில், உணவுக் கட்டுப்பாடு மட்டும் அல்லது உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் முழங்கால் வலி அதிகம் குறைந்தது. (இது வைத்தியம் இல்லை, வரலாறு. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட் சொல்வதைக் கேளுங்கள்.)

எடை குறைந்தால் நடை மாறுமா? மாறுகிறது. உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கை அறுவை சிகிச்சையால் இழந்தவர்களை ஹோர்டோபாகி குழு அளந்து 2011-இல் எழுதியது. வேகம் கூடியது, எட்டு நீண்டது, முட்டி மறுபடி மடங்கத் தொடங்கியது. பயந்து பூட்டி வைத்த முட்டியை உடம்பு தானாகவே திறந்துவிட்டது.

அளவுகோலின் குறை

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த எண்களை எல்லாம் அப்படியே நம்பச் சொன்ன மாதிரி ஆகிவிடும். இன்றைய நடை ஆய்வகத்தில் தோலின் மேல் சின்னப் பந்துகளை ஒட்டிக் கேமராவில் பிடிக்கிறார்கள். இடுப்பு எலும்பின் முன்முனையில் ஒரு பந்து ஒட்ட வேண்டும். பருமனான ஒருவருக்கு அந்த முனையின் மேல் பல சென்டிமீட்டர் கொழுப்பு. பந்து எலும்பிலிருந்து விலகி நிற்கிறது, நடக்கும்போது தசையோடு ஆடவும் செய்கிறது. அங்கே தவறினால் இடுப்பு மூட்டின் இடம் தவறு, அதிலிருந்து எல்லாக் கணக்கும் தவறு. பெர்க்லியில் எலும்பில் ஊசி குத்தியது இந்தப் பிரச்சினைக்காகத்தான். பருமனானவர்களுக்கென்றே தனியாகப் பந்து ஒட்டும் முறைகள் கடந்த பதினைந்து, இருபது வருடங்களில்தான் வந்தன. கருவிகளே ஒல்லியான ஆளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை.

பி.எம்.ஐ. கதையும் அப்படியே. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நோய் வருகிறது என்பதால் 23-ஐயும் 27.5-ஐயும் கவனிக்க வேண்டிய எல்லைகளாக உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொன்னது. இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களுக்கு பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல். அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் அது 30.9. நான்கைந்து வருடத்தில் ஒன்பது புள்ளிக்கு மேல் ஏற்றம். பத்துப் பெண்களில் நான்கு பேர். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

முடிவாக

1887-இல் ஒரு பெண்ணின் படங்களை வெளியிட்டு, பெயரைக் கூட எழுதாமல் எடையை மட்டும் எழுதி வைத்தார்கள். நூறு வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் அந்த எடையோடு அவர் எப்படிச் சமாளித்து நடந்தார் என்று கேட்கவே ஆரம்பித்தார்கள். நடுவில் சிப்பாய் வந்தார், செயற்கைக் கால் வந்தது, இயல்பான ஆண் வந்தார், இயல்பான பெண் வந்தார், பருமனான ஆண் வந்தார். பருமனான பெண் கடைசி ஆளாக உள்ளே வந்தார்.

போன வாரம் பெரியம்மாவை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். அவர் வேகத்துக்கு நானும் நடந்தேன். பத்து நிமிடம், நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தோம். "ரொம்ப மெதுவா நடக்கறேன்ல?" என்று கேட்டார். "இல்ல பெரியம்மா, சரியாத்தான் நடக்கறீங்க" என்றேன். சின்ன வயதில் பின்னால் நடந்து கேலி செய்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதிவிட்டேன்.